இரண்டாவது இடையிசை

பாட்டின் நடுவில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது நாகரிகமாகச் சொல்வது. பாடகி வாயை மூடியதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு "அன்பார்ந்த உற்றார் உறவினர்களே" என்று ஆரம்பிக்கிறார்களே, அந்த மைக்கைப் பிடுங்கிக் கொதிக்கிற சாம்பார் அண்டாவில் போட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். தர்மபுரி மாவட்டத்துக்குள் கல்யாண வரவேற்பு, காதணி விழா, கோயில் பண்டிகை என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவோம். குழுவுக்கு ஓனரே ஆண் பாடகர். பாட ஒரு அக்கா. தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் வாசிக்கிற ஒரு அண்ணன். மற்ற வாத்தியங்கள் அத்தனையும் நான்தான். வயலின், புல்லாங்குழல், வீணை எல்லாம் என் பத்து விரலுக்குள் இருக்கின்றன. முகூர்த்த நாள் இல்லாதபோது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவளும், அதைத் தாண்டிக் கல்லூரிக்குள் கால் வைத்தவளும் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒரு சினிமாப் பாட்டில் பாடகர் பாடாத இடங்கள் உண்டு. பல்லவி முடிந்து முதல் சரணம் தொடங்குவதற்குள் ஒன்று. அந்தச் சரணம் முடிந்து இரண்டாவது சரணம் தொடங்குவதற்குள் இன்னொன்று. இடையிசை என்று எழுதுவார்கள், எங்கள் குழுவில் பிஜிஎம் என்போம், ஊரில் வெறுமனே "மியூசிக்" என்பார்கள். பாட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது மட்டும்தான். பாடுகிறவர்களுக்குப் பின்னால் மற்ற நேரமெல்லாம் நான் முட்டுக்கொடுத்து நிற்கிறேன். அந்த இரண்டு இடத்தில்தான் முன்னால் வருகிறேன். சரியாக அந்த இரண்டு இடத்தில்தான் மைக் வேறு யார் கைக்காவது போகும். வழியை மறித்து நிற்கிற வண்டியை எடுக்கச் சொல்வார்கள். அடுத்த பந்திக்குக் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்பார்கள். பாட்டு பாடும்போது யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. வாய் நின்றால் பாட்டும் நின்றதாக அர்த்தம். காலியாகக் கிடக்கிற இடத்தில் கடை போடுவது போல வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்படி யாராவது பேசத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சத்தத்தைக் குறைத்துவிட்டு, இடையிசையின் கடைசித் துண்டையே திரும்பத் திரும்ப உருட்ட வேண்டும். பேசுகிறவர் முடித்ததும் பாடகியை உள்ளே கூப்பிடுகிற சின்ன அடியை வாசிக்க வேண்டும். அக்கா சரணத்தைப் பிடித்துக்கொள்வாள். பேசியவருக்குத் தன் பேச்சு இசையோடு நடந்தது போலப் பெருமையாக இருக்கும். கல்யாண வீடியோவிலும் நன்றாக இருக்குமாம். நானும் அப்படித்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்யாணத்திலும், பல்லைக் கடித்துக்கொண்டு.

பாட்டுக்கு இப்படி ஒரு கட்டமைப்பு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் இசைக்கு என்று ஒரு வகுப்பு நேர அட்டவணையில் இருந்தது, அதில் எங்களுக்குக் கணக்கு எடுத்தார்கள். நான் பாட்டைக் கற்றது ஏரியூரிலிருந்து கல்லூரிக்குப் போன பஸ்ஸில். தனியார் பஸ், ஸ்பீக்கர் தலைக்கு மேலே. அந்தப் பஸ்ஸின் கண்டக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாடுகிற குரல் நின்றதும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். பல்லவி மட்டும் கேட்கும், அதற்குப் பிறகு வயலின்கள் கிளம்புகிற நேரத்தில் டக்கென்று வேறு பாட்டு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏங்க, பாட்டு ஓடிட்டு இருக்கறப்பவே மாத்தறீங்க?"

"பாட்டு எங்க பாப்பா ஓடுது? வெறும் மியூசிக்தான ஓடுது."

"அதுவும் பாட்டுதாங்க."

"அப்ப எறங்கி ரோட்ல ஆரன் சத்தம் கேளு, அதுவும் மியூசிக்தான்."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. அதற்குப் பிறகு நான் வீம்புக்கே அந்த இடங்களைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். கண்டக்டர் வெட்டியெறிந்ததையெல்லாம் போனில் போட்டு முழுதாகக் கேட்டேன். கேட்கக் கேட்கப் பாட்டின் எலும்பு தெரிந்தது. தொடக்க இசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவியின் முதல் வரி, இன்னொரு இடையிசை, இன்னொரு சரணம், கடைசியாகப் பல்லவி. எந்தப் பாட்டை எடுத்தாலும் பெரும்பாலும் இதே வரிசை. விலகுகிற பாட்டுகளும் உண்டு, ஆனால் எதிலிருந்து விலகுகிறது என்று தெரிந்த பிறகுதான் விலகலே காதில் விழும்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. இரண்டு சரணங்களுக்கும் மெட்டு ஒன்றுதான். வார்த்தைதான் மாறும். ஆனால் இரண்டு இடையிசைகள் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. முதலாவது துள்ளிக்கொண்டு போனால் இரண்டாவது நின்று யோசிக்கும். முதலாவதில் வயலின் என்றால் இரண்டாவதில் குழல் வரும். அதாவது, பாடுகிறவர் திரும்பச் சொல்கிறார், வாத்தியம்தான் புதிதாகச் சொல்கிறது. ஆனாலும் பாடகர்தான் பாட்டு, வாத்தியம் இடைவெளி. இந்த அநியாயத்தை நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் விடவில்லை.

கல்லூரியில் யாரும் தொடாத கீபோர்டு ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தேன். போனில் பார்த்தேன், கேட்டேன், தேடித் தேடி அழுத்தினேன். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் சேர்ந்ததைச் சொன்னபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "பாடப் போறியா?" என்பது. இல்லை, வாசிக்கப் போகிறேன் என்றேன்.

"பாடாத பொண்ணுக்கு மேடைல என்ன வேல?" என்றார்.

பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார், பண்டிகைக்குப் பண்டிகை வருவார். எங்கள் வீட்டுக்கு எது நடந்தாலும் பெரியப்பா சொன்னால்தான் நடக்கும். "அண்ணன் சொன்னா சரி" என்பது போனில் அப்பா அடிக்கடி சொல்கிற வாக்கியம். கரன்ட் ஆபீஸ் நோட்டீசானாலும் பேங்க் பேப்பரானாலும் பெரியப்பா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைத்தான் கூப்பிடுவார். படித்துச் சொன்னால், "எங்க வூட்டுப் புள்ள இங்கிலீஸ்ல வெளுத்து வாங்குது" என்று வந்தவர்களிடம் சொல்வார். அப்போதெல்லாம் என் படிப்பு அவருக்கு இனிக்கும். அதே படிப்பு கீபோர்டு பக்கம் போனதும் கசந்துவிட்டது. அவருக்காக நான் குழுவின் கீபோர்டை வீட்டில் வைத்து ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பழகினேன். அதனால் அம்மா என் வாசிப்பைக் கேட்டதே இல்லை. அவளுக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் டொக்கு டொக்கென்று அடித்துக்கொள்கிற சத்தம். குழு போகிற ஊருக்கு அவள் வரவும் வழியில்லை. மாடு யார் பார்ப்பது, பால் யார் கறப்பது.

போன தை மாதம் பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு மூத்தவள், எட்டாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள். மாப்பிள்ளை கடத்தூர் பக்கம். வரவேற்பு மாப்பிள்ளை வீட்டார் செலவு, மெல்லிசைக்குச் சொன்னவர்களும் அவர்கள்தான். அவர்கள் சொன்னது எங்கள் குழுவுக்கு. நான் அதில் இருப்பது தெரிந்து யாரும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்தபோது அவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடவில்லை, நேராக எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"கல்யாணப் பொண்ணுக்குத் தங்கச்சி. பட்டுச்சேல கட்டி பொண்ணுகூட நிக்க வேண்டியவ. கூலிக்கு மேடைல வாசிப்பாளா? சம்மந்தி வூட்டுக்காரன் என்ன நெனப்பான்?"

"அவங்கதாங்க பெரியப்பா கூப்பிட்டாங்க" என்றேன்.

"நீ பேசாத. ஏம்மா, நீ சொல்லு. இதோட நிறுத்தச் சொல்லு. உம் பொண்ணு, நீ சொன்னா கேப்பா."

அம்மா மாட்டுக்குப் போடச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் அத ஒருதரங்கூடக் கேட்டது இல்லைங்களே மாமா" என்றாள்.

"கேட்டு?"

"என்னன்னே தெரியாம எப்படி வேணாங்கறது? அன்னிக்கி நானும் வரத்தான போறேன். உக்காந்து கேக்கறேன். கேட்டுட்டுச் சொல்றேன். நான் சொன்னா அது கேக்கும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நானும் சரி என்றேன். பெங்களூருக்குப் போன் போனது, அப்பாவும் சரி என்றார். இப்படியாக, நான் தொடர்ந்து வாசிப்பதா இல்லையா என்பது ஒரு கல்யாண வரவேற்பில் அம்மாவின் காதில் போய் நின்றது.

அன்று இரவு அம்மாவிடம் போனை வைத்து ஒரு பாட்டைப் போட்டேன். பழைய பாட்டு, பெண் குரல் மட்டும் பாடுவது, எங்கள் குழுவில் எல்லா வரவேற்பிலும் உண்டு.

"இது சினிமாக்காரங்க வாசிச்சது. இதே எடத்த அன்னிக்கி நான் வாசிப்பேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற குழல். பேட்கூடக் கம்மியாத்தான் இருக்கும். நான் மட்டும்தான் வாசிக்கறது."

"எனக்கு எப்படிப் புள்ள தெரியும், இது ரெண்டாவதா மூணாவதான்னு?"

"அந்த அக்கா பாடும். வாய மூடும். மியூசிக் வரும். அது மொத தடவ. அதுவும் நான்தான், ஆனா அது இல்ல. மறுபடி பாடும். பாடிட்டு, மொதல்ல பாடின வரியவே ஒருக்காத் திருப்பிப் பாடும். அதோட முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுராத."

"ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துட்டா முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்?"

"எல்லாரும் அப்படித்தாம்மா நெனைக்கறாங்க. முடியல. மறுபடி வாய மூடும். அதான்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அந்தப் பொம்பள ரெண்டாவது தடவ வாய மூடறப்ப நீ."

"அதேதான்."

"அத மொதல்லயே சொல்லாம சரணம் கிரணம்னுட்டு" என்று படுத்துக்கொண்டாள். என் மூன்று வருடப் படிப்பை ஒரே வரியில் முடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

கடத்தூர் மண்டபத்தில் அம்மா முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கென்று எடுத்த புதுச் சேலை, மடியில் கைப்பை, இரண்டு கையும் அதன் மேல். பக்கத்தில் அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை. நாங்கள் சாமிப் பாட்டில் தொடங்கி, ஒன்றிரண்டு ஜோடிப் பாட்டு முடித்து, அந்தப் பாட்டுக்கு வந்தோம். பாடகி அக்கா பல்லவியைப் பாடினாள். நன்றாகவே பாடினாள். வாயை மூடினாள். நான் முதல் இடையிசையில் கை வைத்தேன்.

"வெள்ளைக் கலர் காரு, கேட்டுக்கு நேரா நிக்குது, சீக்கிரம் வந்து எடுக்கவும்" என்றது மைக்.

அம்மா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். இதுவா என்று கேட்கிறாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மா சரி என்பது போல் கையைக் காட்டிவிட்டு மறுபடி நேராக உட்கார்ந்தாள். மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். என் வாசிப்பைக் கேட்பதற்கென்று காத்திருந்தது அந்த ஒருத்திதான்.

முதல் சரணம் போனது. அக்கா பல்லவியின் முதல் வரியைத் திருப்பிப் பாடினாள். அப்போதே பார்த்துவிட்டேன், பெரியப்பா மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் எங்கள் ஊரின் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். வரி முடிந்தது. பெரியப்பா கை தட்டினார். ஓனர் அண்ணன் தன் மைக்கை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நல்லா பாடினீங்க, ரொம்ப நல்லா பாடினீங்க. பாட்டு பாடி முடிச்ச அந்தச் சகோதரிக்கு எல்லாரும் ஒருக்கா பலமாக் கை தட்டுங்க."

மண்டபம் கை தட்டியது. பாட்டின் நட்டநடுவில். குழலின் முதல் மூன்று சுரங்கள் அந்தக் கைதட்டலுக்குள் விழுந்து காணாமல் போயின. நான் அம்மாவைப் பார்த்தேன். அவளும் கை தட்டவா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம அழைப்ப ஏத்து இங்க வந்திருக்கிற, நம்ம பகுதியோட முன்னாள்..."

நான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பேட் அண்ணன் இன்னும் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மண்டபத்தில் என்னவெல்லாம் சத்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மைக்கின் உறுமல். யாரோ குழந்தை. பந்தியில் வாளி உரசுவது. அதற்கு மேலே பெரியப்பாவின் குரல், அடியில் ஒன்றும் இல்லாமல், தனியாக. அவர் தடுமாறினார். தலைவரின் பேரையே ஒரு தடவை விழுங்கினார். இத்தனை வருடம் அவர் பேசியதெல்லாம் எதன் முதுகில் ஏறிப் பேசினார் என்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? மியூசிக் போடுங்க" என்றார். என்னைப் பார்க்காமல், குழுவைப் பொதுவாகப் பார்த்து.

நான் குனிந்து பாடகி அக்காவின் மைக்கில் சொன்னேன். "பாட்டு இன்னும் முடியலங்க பெரியப்பா."

"என்ன முடியல? மொத வரியத் திருப்பிப் பாடியாச்சு, கையும் தட்டியாச்சு."

"மொத வரி நடுவுலயும் வரும்ங்க. இன்னும் ஒரு சரணம் இருக்குது. அதுக்கு முன்னாடி நான் வாசிக்கறது இருக்குது. நீங்க பேசி முடிங்க, அப்புறம் வாசிக்கறேன்."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல். "பேசுங்க சம்மந்தி, டீச்சரம்மா பெர்மிசன் குடுத்தாச்சு!" மண்டபம் சிரித்தது. பெரியப்பாவின் காது சிவந்தது.

"நீ வாசிக்கறத வாசி. நான் பேசறதப் பேசறேன். ரெண்டும் ஒண்ணா நடந்தா என்ன?"

"அந்தக்கா பாடறப்ப நீங்க பேசுவீங்களா?"

"பாட்டு வேற, இது வேறம்மா."

"இதுவும் பாட்டுதாங்க" என்றேன். கத்தியிருப்பேன் போலிருக்கிறது. ஸ்பீக்கர் கீச்சென்றது.

பெரியப்பா அவசரமாக முன்னாள் தலைவரை வரவேற்று, துண்டைப் போர்த்திவிட்டு, இறங்கிப் போனார். தலைவர் மட்டும் துண்டோடு நின்று, இப்போது இறங்கலாமா என்று என்னிடம் கேட்பது போல் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். போனார்.

பிறகு வாசித்தேன். முதல் சுரத்திலிருந்து. அந்தக் குழல் தாழ்வாகத் தொடங்கும். பல்லவியின் மெட்டை நினைவுபடுத்துவது போலப் போய், அதைத் தொடாமல் விலகும். பாட்டு அதுவரை போகாத ஓர் இடத்துக்கு ஏறி, அங்கே கொஞ்சம் நிற்கும். திரும்பி வரும்போது வந்த வழியில் வராது. நான் அன்று வாசித்தது நன்றாக இருந்தது. அதையும் கூச்சமில்லாமல் சொல்கிறேன். மண்டபத்தில் பாதிப் பேராவது வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், பிடித்துப்போய் அல்ல, அடுத்து என்ன சண்டை வரும் என்று பார்க்க.

உச்சியில் நிற்கிற சுரத்தில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அத்தை அவள் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, விரலை நீட்டி நீட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். பின்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்துவந்து அம்மாவின் தோளுக்கு மேலே குனிந்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மாவின் முகம் அந்தச் சேலைகளுக்கு நடுவில் தெரியவே இல்லை. என் விரல் ஒரு கட்டையில் வழுக்கியது. இறங்கி வந்தேன். கூப்பிடுகிற அடியை வாசித்தேன். அக்கா இரண்டாவது சரணத்தைப் பிடித்தாள்.

முடிந்ததும் ஓனர் அண்ணன் மேடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். "இது கல்யாணம் பாப்பா. கச்சேரி இல்ல. கூப்பிட்டவன் பேசத்தான் செய்வான்."

"அப்ப என்னய எதுக்குங்கண்ணா கூட்டிட்டு வர்றீங்க? ஒரு ஃபேன் போட்டு உடுங்க, அந்தச் சத்தம் போதும்."

"வாய் மட்டும் பாரு. இனிமே நான் கூப்பிட்டாத்தான் நீ வரணும்" என்றார். அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிடவும் செய்தார். அந்த வட்டாரத்தில் எல்லா வாத்தியத்தையும் ஒற்றை ஆளாக வாசிக்க அவருக்கு வேறு ஆள் இல்லை. அதை நானும் அறிவேன்.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் பெரியப்பா அம்மாவைப் பிடித்தார். கை கழுவுகிற இடம். நான் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். அத்தையும் இருந்தாள்.

"கேட்டுட்டுச் சொல்றேன்னியே. கேட்டாச்சா? இப்பச் சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக. அவள் கோபமாக இருக்கிறாள் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

"கேக்கலைங்களே மாமா."

"என்னது?"

"கேக்கலைங்க. மொத தடவ காரு. ரெண்டாவது தடவ நீங்க. அப்புறம் அது மறுபடி வாசிக்கறப்ப உங்க தங்கச்சி எங்காதுல உக்காந்துட்டாங்க. எப்படிங்க கேக்கறது?"

"நாங்க உம் பொண்ணுக்குப் புத்தி சொல்லச் சொல்லிதான சொன்னோம்!" என்றாள் அத்தை.

"சொன்னீங்க, நல்லதுதான். ஆனா நான் கேட்டுட்டுத்தான் சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன். கேக்காம சொன்னா வாக்குத் தப்பினதா ஆகாதுங்களா மாமா?"

"வெளையாடறியாம்மா?"

"வூட்டுக் கல்யாணத்துல யாருங்க வெளையாடுவா? இன்னொரு பக்கம் போறப்ப நானும் போயிக் கேக்கறேன். கேட்ட ஒடனே சொல்லிடறேன். அது வரைக்கும் வாசிக்கட்டும்."

பெரியப்பா அங்கேயே பெங்களூருக்குப் போன் போட்டார். நடந்ததைத் தன் பக்கம் வைத்துச் சொன்னார். பிறகு அப்பாவின் குரல் சன்னமாகக் கேட்டது. "அவ கேட்டுட்டுத்தானண்ணா சொல்றேன்னா?" பெரியப்பா போனை வைத்துவிட்டார். என் பிறவியில் அப்பா "அண்ணன் சொன்னா சரி" என்று சொல்லாமல் விட்ட ஒரே தடவை அதுதான்.

எல்லோரும் போன பிறகு நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். மண்டபத்து வாசலில், வாழைமரத்தடியில். "நான் எல்லாரையும் எதுத்துட்டு உனக்காக மறுபடி வாசிச்சேன். நீ கேக்கவே இல்லயா? அத்தையத் தள்ளி உட்டுட்டுக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டிருந்தா இந்நேரம் சொல்லியாகணும் இல்ல?" என்றாள் அம்மா. "நல்லா இருக்குன்னு நான் சொல்லியிருந்தா உட்டுருவாங்களா? உனக்கு என்ன தெரியும்பாங்க. எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. கேக்கலன்னா அதுக்கு எதுத்து என்ன பேச முடியும்?"

அவள் கெட்டிக்காரிதான். ஆனால் எனக்கு அப்போது அழுகை வந்தது, அதுவும் கோபத்தில் வந்த அழுகை. என்னை வாசிக்க விட்டது என் வாசிப்பு இல்லை. பெரியப்பா அதன் மேல் பேசிய பேச்சு. பாட்டைப் பற்றி நான் இத்தனை தெரிந்துவைத்திருந்து, ஒவ்வொரு இடத்தையும் பிரித்து அறிந்து, கடைசியில் அதை யாரும் கேட்காததால்தான் பிழைத்தேன் என்றால் அது என்ன வெற்றி? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது.

அதன் பிறகு மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அம்மா அவ்வப்போது என்னோடு வருகிறாள். ஓனர் அண்ணன் முதலில் முணுமுணுத்தார், இப்போது அவளுக்கும் ஒரு காபி சொல்கிறார். மைக் பிடிக்கிறவர்கள் மாறவில்லை. போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் வாய் நின்றதும் ஏறிவிடுகிறார். நான் இப்போது உருட்டுவதில்லை, கையை எடுத்துவிடுகிறேன். பேட் அண்ணனும் நிறுத்திவிடுகிறார். சில பேர் திகைத்துச் சீக்கிரம் முடிக்கிறார்கள், சில பேர் முறைக்கிறார்கள். பெரியப்பா இன்னும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "கேட்டாச்சா?" என்பார். "இன்னும் இல்லைங்க மாமா" என்று இந்தப் பக்கமிருந்து அம்மா சொல்வாள்.

போன வாரம் மொரப்பூரில் ஒரு காதணி விழா. அதே பாட்டை வாசித்தோம். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம்.

"இன்னிக்காவது கேட்டியா?"

"எங்க கேக்க உட்டாங்க?" என்றாள், வெளியே பார்த்தபடி. "நல்லா வாசிக்கறப்பதான் தாய்மாமனக் கூப்பிட ஆரம்பிச்சுட்டானுங்களே."

தாய்மாமனைக் கூப்பிட்டது முதல் இடையிசையில். இரண்டாவதில் அன்று யாருமே பேசவில்லை. மண்டபம் எதற்கோ அமைதியாக இருந்தது, தொடக்கத்திலிருந்து கடைசிவரை நான் வாசித்தேன், அம்மா முன்வரிசையில் இருந்தாள், அவள் பக்கத்து நாற்காலி காலி.

நான் அதை அவளிடம் சொல்லவில்லை.